விரலால் ஏற வேண்டும்

"ஏனுங்ணா, ஒரு பைப்பை வளைக்கறதுக்கா இத்தனை கூலி?" என்று கேட்டார் ஒரு வண்டிக்காரர். முட்டை லோடு அடிக்கிற பழைய 407. பின் அச்சில் இரண்டு பிரேக் பைப், சேஸில் நீளப் பைப் ஒன்று, மூன்றையும் புதிதாக அடித்துப் போட்டிருந்தேன். சாமான் விலை கொஞ்சம், கூலி அதிகம். பணத்தைக் கொடுத்துவிட்டார், பேச்சையும் போட்டுவிட்டுப் போனார். ஷெட்டை இப்போது அக்கா மகனிடம் விட்டாயிற்று, பிரேக் வேலை வந்தால் மட்டும் என்னைக் கூப்பிடுகிறான். எனவே அந்தப் பேச்சுக்குப் பதில் யோசிக்க நேரம் நிறைய இருக்கிறது.

முதலில், வளைப்பது பெரிய வேலை இல்லை என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். 4.75 மில்லிமீட்டர் பண்டி பைப், சுவர் கனம் 0.7. கையாலேயே வளையும். சுருளாக வரும் பைப்பைப் பலகையில் உருட்டி நேராக்கி, ஒரு பழைய சாக்கெட்டையோ புல்லியையோ சுற்றி மெல்ல இழுத்தால் போதும். நெருக்கி ஒடித்தால் உள்பக்கம் சப்பிப்போகும். சப்பிய பைப்பை நிமிர்த்தி மறுபடி வளைப்பவன் பிரேக்கைத் தொடக் கூடாது. நெருப்புக் காட்டவே கூடாது. இவ்வளவுதான் வளைப்பு.

எங்கே வளைப்பது என்பதில்தான் வேலை இருக்கிறது. கழற்றிய பைப்பை அளவாக வைத்துக்கொள்வார்கள். கம்பெனி பைப்பாக இருந்தால் சரி. முன்னால் ஒருவன் மாற்றிய பைப் என்றால் அவன் செய்த தப்பும் சேர்ந்தே வரும். நான் கட்டுக்கம்பியை வண்டிக்கு அடியில் படுத்து வழி பார்த்து வளைத்து, அதைத்தான் அளவாக வைத்துக்கொள்வேன். எந்த முனைக்கு இடம் குறைவோ அங்கிருந்து தொடங்க வேண்டும். சேஸின் உள்பக்கத்தில் ஓட வேண்டும், கல் அடிக்காது. சைலன்சருக்குப் பக்கத்தில் போகக் கூடாது. டாட் 3 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை தாங்கும். காற்றிலிருந்து ஈரம் குடித்த பிறகு 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். மலை இறக்கத்தில் டிரம்மிலிருந்து வருகிற சூடு போதாதென்று சைலன்சர் சூட்டையும் நாமே ஏன் சேர்த்துக் கொடுக்க வேண்டும்? மாஸ்டர் சிலிண்டர் பக்கத்தில் இரண்டு சுற்று விட வேண்டும், அதிர்வை அது வாங்கிக்கொள்ளும். அச்சுப் பைப் யூ போல்ட்டில் உரசக் கூடாது. ஒன்றரை அடிக்குள் ஒரு கிளிப், கிளிப்புக்குள் ரப்பர். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

தெரியாதது ஒன்றுதான்: நட்டு விரலால் ஏற வேண்டும்.

இது எங்கள் மேஸ்திரியின் சட்டம். ஃபார்கோவிலும் பெட்ஃபோர்டிலும் பிரேக் கற்றுக்கொண்டு வந்த மனிதர். அந்தக் காலத்தில் பிரேக் சாமான் கிடைப்பதே கஷ்டம் என்பார். பாடியில் 1962இல் பிரேக்ஸ் இந்தியா கம்பெனி தொடங்கிய பிறகு வீல் சிலிண்டரும் கிட்டும் கடைக்கு வந்தன. பைப் மட்டும் அன்றைக்கும் பட்டறைக்காரன் பாடு, இன்றைக்கும் பட்டறைக்காரன் பாடு. பையன்கள் பைப் மாட்டும்போது ஸ்பேனர் எல்லாம் அவர் பையில் இருக்கும். நட்டை விரலால் கடைசி மரை வரை ஏற்றிக் காட்டிய பிறகுதான் ஸ்பேனர் வெளியே வரும். பாதியில் நின்றால், "எடுத்துட்டு மறுக்கா வளைடா" என்பார். ஒரு மரைதானே பாக்கி என்று சொல்லிப் பார்ப்போம். பதில் வராது, ஸ்பேனரும் வராது. வண்டிக்காரர் வெயிலில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார். மேஸ்திரி அவரையும் பார்க்க மாட்டார், எங்களையும் பார்க்க மாட்டார், பீடி பற்றவைத்துக்கொள்வார்.

நட்டு விரலால் ஏறாவிட்டால் பைப் கோணலாக நிற்கிறது என்று அர்த்தம். கோணலை ஸ்பேனர் போட்டு இழுத்துச் சேர்த்துவிடலாம், சேர்ந்தும் விடும். ஆனால் அந்த இழுப்பு பைப்புக்குள்ளேயே நிற்கும். டீசல் இன்ஜின் அதிரும்போது அந்த இழுப்பு முழுவதும் நட்டுக்குப் பின்னால் உள்ள ஒரே இடத்தில் போய் விழும். வெடிப்பு விட்டு வந்த பைப்புகளை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் நட்டின் விளிம்பில்தான் விட்டிருக்கும். மேஸ்திரி இந்த விளக்கம் எதையும் சொன்னதில்லை. விளக்கம் சொல்வது அவருக்குக் கௌரவக் குறைச்சல். இத்தனை வருஷம் வெடித்த பைப்புகளைப் பார்த்து நானே தெரிந்துகொண்டது.

விரலால் ஏறினால் மட்டும் போதுமா என்றால் அதுவும் போதாது. ஜீப்புக்கு அங்குல மரை: எட்டில் மூன்று அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. ஸ்வராஜ் மஸ்தா போன்ற ஜப்பான் வழி வண்டிக்கு 10 மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. எட்டில் மூன்று என்பது 9.53 மில்லிமீட்டர். மரை இடைவெளியும் ஏறக்குறைய அதேதான். எனவே ஜீப் நட்டு பத்து மில்லி ஓட்டையில் சுகமாக ஏறிவிடும். முறுக்கினால் பிடித்த மாதிரியும் இருக்கும். பெடலை ஓங்கி மிதிக்கிற அன்று சதுர அங்குலத்துக்கு ஆயிரம் பவுண்டுக்கு மேல் அழுத்தம் வந்து மரையை உருவிக்கொண்டு போகும். "ஏறோணும், ஆடப்படாது" என்பது மேஸ்திரியின் வாய்ப்பாடு. பாதி ஏறிய நட்டை விரலால் அசைத்துப் பார்ப்பார். ஆடினால் நட்டு ரோட்டைத் தாண்டி எதிர்க் கடை வாசலில் விழும். பழைய நட்டையே கழற்றிப் புதுப் பைப்பில் போடுவது கஞ்சத்தனத்தால் என்று பலர் நினைத்தார்கள். மரை மாறக் கூடாது என்பதற்காகத்தான்.

அப்புறம் ஃபிளேர். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அக்கா மகன் எழுந்து போய்விடுவான்.

பண்டி பைப் என்பது இரும்புத் தகட்டை இரண்டு சுற்றுச் சுருட்டிச் செம்பு வைத்துப் பற்றவைத்தது. அதன் வாயை ஒரே தடவையில் விரித்தால் கீறல் விடும். அதனால் முதலில் டையை வைத்து அமுக்கி வாயைப் புடைக்க வைத்து, பிறகு டையை எடுத்துவிட்டுக் கோணை இறக்கி உதட்டை உள்ளே மடக்க வேண்டும். புடவைக்கு ஓரம் மடித்துத் தைப்பது மாதிரி, மடிந்த இடத்தில் இரட்டைக் கனம் வரும். அந்த இரட்டை உதடுதான் பைப்புகள் சேருகிற பித்தளை டீயின் ஆசனத்தில் உட்கார்ந்து அடைக்கிறது. நட்டு அடைப்பதில்லை. நட்டு அமுக்கிப் பிடிக்கிறது, அவ்வளவே.

பைப் கட்டரால் வெட்ட வேண்டும். ஹேக்ஸாவால் வெட்டினால் வாய் சாயும், தூள் உள்ளே போகும். வெட்டியதும் உள்பிசிறு எடுக்க வேண்டும். டையின் படி உயரம் எவ்வளவோ அவ்வளவுதான் பைப் கிளாம்புக்கு மேலே நீட்டலாம். கொஞ்சம் கூடினால் உதடு சுருங்கும், குறைந்தால் மடிப்பு போதாது. கோணுக்கு ஒரு சொட்டு பிரேக் ஆயில். கிளாம்பு வழுக்கினால் எல்லாம் போச்சு. நட்டை முதலில் பைப்பில் கோத்துக்கொள்ள வேண்டும் என்பதை நான் எழுதத் தேவையில்லை.

ஷெட் சுவரில் மேஸ்திரி கம்பிகள் கட்டியிருந்தார். தவறிய ஃபிளேர்களை வெட்டி அவற்றில் கோத்துவிடுவார், ஒவ்வொரு பையனுக்கும் ஒரு கம்பி. டீ வாங்கி வருகிறவன் முதல் லாரி முதலாளி வரை எல்லோர் கண்ணுக்கும் படும். சிலதை நீளவாக்கில் அறுத்து மடிப்பைக் காட்டுவார். மையம் தப்பிய மடிப்பு ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும்; வெளியிலிருந்து பார்த்தால் நல்ல ஃபிளேர் மாதிரியே தெரியும். கடைசிக் காலத்தில் அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. கட்டைவிரல் நகத்தை உதட்டைச் சுற்றி ஒரு தடவை ஓட்டிவிட்டு, "போடு" என்பார், அல்லது கம்பியைக் காட்டுவார். கூலி விஷயத்தில் அவர் நியாயமானவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுத்துவிட்டு அதைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார். ஆனால் ஆசனம் பற்றி அவருக்கு இருந்த பயத்தை நான் வேறு யாரிடமும் பார்க்கவில்லை.

கோணல் ஃபிளேரையும் முறுக்கினால் கசிவு நிற்கும். பித்தளை மெத்து, இரும்பு உதடு அதில் பள்ளம் தோண்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். இன்றைக்கு வண்டி போய்விடும். அடுத்த முறை யாராவது ஒழுங்கான ஃபிளேர் அடித்து மாட்டினால் அந்தப் பள்ளத்தில் அது உட்காராது. அவனும் முறுக்குவான். இப்படி ஒருவன் அடித்த கெட்ட ஃபிளேரால் டீ போகும், பிறகு வீல் சிலிண்டர் போகும். அடிக்கத் தெரியாதவனுக்குக் கொடுத்த கூலியை வண்டிக்காரர் கணக்கில் சேர்ப்பதில்லை.

இப்போது ஷெட்டுகளில் புது வழக்கம், ஏசிக்குப் போடுகிற செம்புக் குழாய். சுலபமாக வளைகிறது, ஒரே அமுக்கில் விரிகிறது, துரு பிடிக்காது. "பண்டி பைப்பை வெட்டினா உள்ளாறயும் செம்புதானுங்க தெரியுது" என்று ஒரு பையன் என்னிடமே வாதாடினான். அந்தச் செம்பு பற்றவைப்புக்கு வந்தது, அழுத்தத்தைத் தாங்குவது இரும்பு. தனிச் செம்பு அதிர அதிர இறுகும், இறுகியது ஒருநாள் விடும். ஏசியில் இருப்பதும் பெடலடியில் வருவதும் ஒரே அழுத்தம் இல்லை. செம்போடு நூற்றுக்குப் பத்துப் பங்கு நிக்கல் கலந்த பைப் உண்டு, வோல்வோ கார்களில் 1976 முதலே வருகிறது. அது நல்ல சாமான், கிடைத்தால் நானே போடுவேன். எங்கள் பக்கத்துக் கடையில் செம்பு என்று சுருட்டிக் கொடுப்பது அது இல்லை.

இன்னொரு கூட்டம், உளுத்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்துவிட்டு நடுவில் ஜாயின்ட் போடுகிறது. இங்கே ரோட்டில் உப்புத் தூவுவதில்லை, பைப்புக்கு எப்படித் துரு வரும் என்பார்கள். நாமக்கல்லில் கோழி ஏற்றுகிற வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால் தெரியும். மீன் வண்டியில் ஐஸ் உருகி உப்புத் தண்ணீராகச் சேஸில் ஒழுகுகிறது. துரு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் தொடங்காது, கிளிப்புக்குள் ஈர மண் தங்கிய இடத்தில்தான் தொடங்கும். ஒரு கிளிப்பில் உளுத்த பைப் அடுத்த கிளிப்பில் மட்டும் நன்றாகவா இருக்கும்? முழுப் பைப்பையும் மாற்று என்றால், பெருசு பணம் பிடுங்குகிறது என்கிறார்கள்.

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. மேலேயிருந்து பலாவும் அன்னாசியும் வாழையும் ஏற்றிக்கொண்டு இறங்குகிற சின்ன வண்டிகள் எங்களிடம் வரும். பெரிய லாரிக்கு ஏர் பிரேக். காற்றை நம்பி ஓடுகிறது, அந்த வேலைக்காரர்கள் நைலான் குழாயைச் செருகிவிட்டு எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சின்ன வண்டிக்கு ஆயில்தான். டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் இன்ஜினை நிறுத்துகிறவர்களும் உண்டு. அப்போது வாக்குவம் பம்ப் நிற்கும், இரண்டு மூன்று மிதியில் பூஸ்டர் ஓய்ந்துவிடும். அதன் பிறகு காலின் முழுப் பலமும் வேண்டும், அந்தப் பலம் முழுக்கப் பைப் வழியாகத்தான் போக வேண்டும். எஃப்.சி.க்குப் போகும்போது இன்ஸ்பெக்டர் ஓட்டி, பிரேக் போட்டு நிறுத்திப் பார்க்கிறார். நிற்கிறது. செம்புக் குழாய் போட்ட வண்டியும் நிற்கிறது. அடியில் குனிந்து பைப்பைப் பார்த்த இன்ஸ்பெக்டரை நான் அபூர்வமாகத்தான் கண்டிருக்கிறேன்.

பைப் போட்ட பிறகு காற்று எடுக்கிற வேலை. மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான இடது பின் சக்கரத்தில் தொடங்கி வர வேண்டும். "மிதி, மிதி, பிடி" என்று சொன்னால் நிப்பிள் மூடும் வரை காலை எடுக்காத ஆள் வேண்டும். போனைப் பார்த்துக்கொண்டே மிதிக்கிற ஆளோடு செய்கிற வேலை இல்லை அது. பைப்பை டீசலில் அலசிவிட்டு மாட்டினவன் வண்டியில் கொஞ்ச நாளில் ரப்பர் எல்லாம் ஊதிப்போய் வரும். அதையும் பார்த்தாயிற்று.

இப்போது இரண்டு முனையும் ஃபிளேர் அடித்து, நட்டோடு, ரெடிமேட் பைப் கடையில் தொங்குகிறது. நான் எதிரி இல்லை. மெஷின் அடித்த ஃபிளேர் என் ஃபிளேரைவிட ஒழுங்காகவே இருக்கிறது. ஆனால் அதையும் வழி பார்த்து வளைக்க வேண்டும், அளவு பார்த்து வாங்க வேண்டும். பையன்கள் நீளமானதாகப் பார்த்து ஒன்றை வாங்கி மாட்டிவிட்டு, மீந்ததைச் சுருட்டிக் கேபிள் டையால் சேஸில் கட்டிவிடுகிறார்கள். அந்தச் சுருளின் மேல்வளைவில் காற்று போய் உட்கார்ந்துகொள்ளும். எத்தனை தடவை மிதித்தாலும் பெடல் பஞ்சாகவே இருக்கும். அப்புறம் காற்று எடுத்துக் கொடுங்கள் என்று என்னிடம் கொண்டுவருவார்கள். சுருட்டிக் கட்டிய வண்டிக்கு நான் காற்று எடுப்பதில்லை. பைப்பை மாற்றச் சம்மதம் என்றால் வண்டியைப் பள்ளத்தில் ஏற்றச் சொல்வேன். இல்லையென்றால் பக்கத்திலேயே ஷெட் இருக்கிறது, கூலியும் அங்கே குறைவு.