பதினேழு வளைவும் ஒரு கயிறும்

பேரன் சென்னையிலிருந்து வந்திருந்தான். போன மாதம் இரண்டு நாள், கைக்காசைக் கட்டி, இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் பைக் பயிற்சிக்குப் போய் வந்திருக்கிறான்.

"இருபத்தெட்டு வயசுல பைக் ஓட்டக் கத்துக்கப் போனியாக்கும்?" என்றேன்.

"ஓட்டத் தெரியும் தாத்தா. வளைவுல திருப்பத்தான் தெரியல."

அந்தப் பதில் எனக்குச் சுருக்கென்றது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

என் வயதுக்காரர்களுக்குச் சோழவரம் ஞாபகம் இருக்கும். யுத்த காலத்து விமான ஓடுபாதையில் மோட்டார் பந்தயம் நடக்கும். 1990 வாக்கில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் முறையான டிராக் போட்டது. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், 12 திருப்பங்கள்.

தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் படம் போட்டுக் காட்டினான். வளைவுக்கு முன்னால் சாலையின் வெளி ஓரமாக வர வேண்டும். வண்டி நேராக நிற்கும்போதே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். கை துறுதுறுக்கும், ஆனால் திருப்பக் கூடாது. வளைவு முடியும் பக்கம் கண்ணில் பட்ட பிறகே திருப்பி, நடுவைத் தாண்டிய இடத்தில் உள் ஓரத்தைத் தொட்டு, மெல்ல ஆக்சிலேட்டரைத் திறந்தபடி மறுபடி வெளி ஓரத்துக்குப் போய்விடலாம். இப்படிப் போனால் வட்டம் பெரிதாகிறது, வண்டியைச் சாய்க்க வேண்டிய அளவு குறைகிறது. வேகம் இரண்டு மடங்கானால் வெளியே தள்ளும் விசை நாலு மடங்கு என்று பள்ளிக்கூடத்தில் படித்தது எனக்கும் நினைவு வந்தது.

"உள் ஓரத்தைத் தொடுற இடத்துக்கு ஏபெக்ஸ்னு பேரு தாத்தா."

எனக்குச் சிரிப்பு வந்தது. பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். எங்கள் வாத்தியார் ஒருவருக்கு லெ மான் 24 மணி நேரப் பந்தயம் என்றால் பைத்தியம். கணக்குப் பாடத்தை நிறுத்திவிட்டுக் கரும்பலகையில் இதே படத்தைப் போடுவார். பிரெஞ்சுக்காரர்கள் அந்த இடத்தை 'புவான் த கோர்த்' என்பார்கள். கயிற்றுப் புள்ளி. அந்தக் காலத்தில் குதிரைப் பந்தயத் திடலின் உள் ஓரத்தில் கயிறு கட்டியிருப்பார்களாம், அதிலிருந்து வந்த பேச்சு. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போன்ற தெருக்களில் வளர்ந்த எங்களுக்கு அது எதற்கு உதவும்? கேட்டேன், மறந்தேன்.

பிறகு சர்வீஸ் கமிஷன் எழுதி உத்தமபாளையம் தாலுகா ஆபீசுக்கு வந்தேன். செகண்ட் ஹேண்டில் ஒரு ராஜ்தூத் வாங்கினேன். 1979-ல், கல்யாணமாகி ஐந்தாவது மாதம், மனைவியைப் பின்னால் உட்கார வைத்துப் போடிமெட்டுக்குப் போனேன். ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கும்போது ஓர் இடது வளைவு. வளைவைக் கண்டதுமே திருப்பிவிட்டேன். உள் ஓரத்தைச் சீக்கிரமே தொட்டாயிற்று, ஆனால் வளைவு இன்னும் பாதி பாக்கி. வண்டி எதிர்ப்பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. எதிரே ஏலத்தோட்டத்து ஜீப். சாய்ந்த வண்டியில் பிரேக்கை அழுத்தினேன். அவ்வளவுதான்.

ஜீப் டிரைவர் எப்படியோ நிறுத்திவிட்டார். அவர்தான் என் மனைவியைத் தூக்கி உட்கார வைத்தார். இடது மணிக்கட்டு முறிந்திருந்தது. "சார், பெண்டு வர்றதுக்கு முந்தியே ஒடிச்சுப்புட்டீக. உள்ள வந்து பாத்துட்டுல்ல ஒடிக்கணும்" என்றார் அவர். நான் காதில் வாங்கவில்லை. ரோட்டில் மண் கிடந்தது, சறுக்கிவிட்டது என்றேன். மாமனாரிடமும் அதையே சொன்னேன். நாற்பது வருஷத்துக்கும் மேலாக எல்லோரிடமும் அதையே சொல்லி வந்திருக்கிறேன். மனைவி அதற்கப்புறம் பைக்கில் ஏறியதே இல்லை.

காலண்டர் தாளைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மண்ணின் மேல் தப்பே இல்லை.

மறுநாள் விடியற்காலை போடிமெட்டு போவதாகப் பேரன் சொன்னான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. "டிராக்குல எதிர்ல எவனும் வரமாட்டான், இங்க வருவானே?" என்றேன். "தெரியும் தாத்தா. அங்க முழு அகலமும் நமக்கு. இங்க நம்ம பாதிக்குள்ளதான் எல்லாம்" என்றான். நம்பிக்கை வரவில்லை. நானும் வருகிறேன் என்று பின்னால் ஏறிவிட்டேன். எழுபதைத் தாண்டியவனுக்கு ஹெல்மெட்டை மாட்டிவிட்டு வார் இறுக்கினான்.

முந்தல் செக்போஸ்ட் தாண்டியதும் மலை. கூலிக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்தன. அவற்றுக்கு வழி விட்டுத்தான் போனான். ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் அவன் திருப்புவதற்கு முன்பே என் இடுப்பு திரும்பியது. அவன் பொறுத்திருந்தான். அந்தப் பக்கம் யார் வருகிறார்கள் என்று தெரிந்த பிறகே வண்டி சாய்ந்தது. நடுக்கோட்டை ஒரு தடவைகூடத் தாண்டவில்லை. பத்தாவது வளைவுக்கு மேல் என் இடுப்பும் அடங்கிவிட்டது.

இறங்கும்போது நான் விழுந்த வளைவைத் தேடினேன். ரோட்டை அகலப்படுத்தி, சுவர் கட்டி, வளைவுக்கு வளைவு நம்பர் எழுதியிருக்கிறார்கள். எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன். "அன்னைக்கு மண்ணு சறுக்கல. நான்தான் சீக்கிரம் திருப்பிட்டேன்."

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை. "அந்த ஜீப்காரர் சொன்னப்ப நானும் அங்கதான உக்காந்திருந்தேன்" என்றாள்.