கருணையும் தவணையும்

அரசன் பிறந்த நாளிலும் வெற்றித் திருநாளிலும் சிறைக்கதவுகளைத் திறந்துவிடுவது பழந்தமிழ் நாட்டு வழக்கு. சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையிலே வார்த்திகன் என்னும் அந்தணனின் கதை வருகிறது. மகன் அணிந்திருந்த நகைகளைக் கண்டு ஐயுற்ற காவலர், தந்தையைப் பிடித்துச் சிறையிலிட்டனர். மனைவி கார்த்திகை அழுது புரண்டாள். அவள் அழுகை அரண்மனைக்கு எட்டவில்லை. கொற்றவை கோயிலின் கதவு தானே அடைத்துக்கொண்டு திறக்க மறுத்த பிறகுதான் பாண்டியன் திடுக்கிட்டு, என்ன கொடுமை நிகழ்ந்தது என்று விசாரித்தான். வார்த்திகன் விடுதலை பெற்றான், ஊர்களும் பெற்றான், நாட்டிலுள்ள சிறைகளும் திறக்கப்பட்டன.

இக்கதையை வகுப்பிலே சொன்னபோது ஒரு மாணவன் எழுந்து, “கோயில் கதவு மூடாமல் இருந்திருந்தால்?” என்று கேட்டான். உரையாசிரியர் எவரும் எழுப்பாத கேள்வி. கதவு மூடாதிருந்தால் வார்த்திகன் உள்ளேயே கிடந்து மடிந்திருப்பான் என்பதைத் தவிர வேறு விடை எனக்குத் தோன்றவில்லை. அரசனின் கருணை பொய்யன்று. ஆனால் அதனை எழுப்புவதற்கு ஒரு தெய்வம் வேண்டியிருந்தது.

அக்கருணையின் வழித்தோன்றல்தான் இன்று சுதந்திர தினத்திலும் வெசாக்கிலும் நத்தாரிலும் நாம் பத்திரிகைகளிற் காணும் பொதுமன்னிப்பு. சிறு குற்றங்களுக்காக உள்ளே சென்றவர்களும், தண்டப்பணம் கட்ட வழியற்றவர்களும் அவ்வாறு வெளியே வருவதை யார் குறை கூறுவர்? நம் கவலை ஆயுட்கைதியைப் பற்றியது. இலங்கையிலே 1976ஆம் ஆண்டுக்குப் பின் எவரும் தூக்கிலிடப்படவில்லை. நீதிமன்றங்கள் மரண தண்டனை விதித்துக்கொண்டே இருக்கின்றன. கயிறு மட்டும் இறங்குவதில்லை. ஆதலால் மரண தண்டனை பெற்றவரும் நடைமுறையில் ஆயுட்கைதியே. இவர்களுக்காகக் குழுக்கள் கூடுவதுண்டு, சிறையதிகாரிகள் அறிக்கை எழுதுவதுண்டு. எனினும் இறுதியில் தண்டனையைக் குறைக்கவும் நீக்கவும் வல்ல கை ஒன்றே. அது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரை ஜனாதிபதிக்கு அளித்த கை. அக்கை எப்பொழுது நீளும், எவரை நோக்கி நீளும் என்பதைக் கைதி அறியான். இத்தனையாம் ஆண்டில் என் வழக்கை மீளப் பார்ப்பீர்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பதற்கு அவன் கையில் ஒரு தேதியும் இல்லை.

தேதி என்பதன் அருமையை எனக்கு உணர்த்தியவர் என் மாணவியொருத்தியின் பாட்டி. தோட்டப்புறத்து ஆசிரியனுக்குப் பாடம் நடத்துவது பாதி வேலை, மனு எழுதுவது மீதி வேலை. பிறப்புச் சான்றிதழில் பெயர்ப் பிழை, சேமலாப நிதி வந்து சேராமை என்று ஏதேனும் ஒன்றுக்காக மாலை நேரத்தில் எவரேனும் வந்து நிற்பர். அந்த அம்மாள் வந்தது மகனுக்காக. லயத்திலே மூண்ட சண்டையொன்றில் ஓர் உயிர் போய்விட்டது. மகனுக்கு மரண தண்டனை. பின்னர் அது ஆயுள் தண்டனையாக மாறிற்று. இறம்பொடையிலிருந்து புசல்லாவை, கம்பளை, கண்டி என்று பஸ் மாறிப் பல்லேகலைக்குச் சென்று, கம்பிக்கு அப்பால் சில நிமிடம் முகம் பார்த்துத் திரும்பினால் அன்றைய பேர் இல்லை. தோட்டத்திலே ஒரு நாள் உழைப்புக்குப் பெயர் ‘பேர்’ என்பதை வெளியூர் வாசகர்கள் அறிந்திருக்கமாட்டார்கள். முழு நாளுக்கு ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். வாழ்நாள் முழுவதையும் இப்படிப் பேர் பேராக எண்ணியவர் அவர்.

நான் வழக்கப்படி, ‘மாண்புமிகு ஜனாதிபதி அவர்கள் கருணை கூர்ந்து’ என்று தொடங்கினேன். அம்மாள் குறுக்கிட்டார். “மன்னிச்சு விடச் சொல்லி எழுதாதீங்க சேர். அவன் செஞ்சதுக்கு இருக்கட்டும். எப்ப விடுவாங்கன்னு மட்டும் கேட்டு எழுதுங்க. நான் இருக்கப்பவா, போன பொறகான்னு தெரிஞ்சா போதும்.”

கடிதம் கிடைக்கப்பெற்றது என்று ஓர் அலுவலகத்திலிருந்து சில மாதங்களின் பின் பதில் வந்தது. கேட்ட கேள்விக்கு விடை அதில் இல்லை. எழுதிய எழுத்தரை நான் குறை சொல்லேன். விடை எந்தக் கோப்பிலும் இல்லாதபோது அவர் எதைப் பார்த்து எழுதுவார்?

ஆனால் இக்கருணை சிலருடைய முகவரியை மட்டும் தவறாமல் அறிந்து வைத்திருக்கிறது. 2018 மார்ச்சில் வடபுலத்தைச் சேர்ந்த தமிழ் அரசியற்கைதி ஒருவரின் மனைவி இறந்தார். ஆயுள் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த அவர் இறுதிச் சடங்குக்காகச் சில மணி நேரம் காவலுடன் கொண்டுவரப்பட்டார். திரும்பும் வேளையில் அவருடைய சிறு மகள் தானும் சிறைச்சாலை வண்டியில் ஏறிவிட்டாள். அந்தப் படத்தைப் பார்த்துக் கண்கலங்காத வீடு வடக்கிலும் இல்லை, மலையகத்திலும் இல்லை. தந்தையை விடுவிக்குமாறு அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவுக்கு மாணவர்கள் உட்படப் பலர் கடிதம் எழுதினர். அவர் பதவியிலிருந்து இறங்கும்வரை கதவு திறக்கவில்லை. அதே ஜனாதிபதி, பதவியின் கடைசி நாள்களில், 2019 நவம்பரில், வேறொரு கதவைத் திறந்தார். 2005இல் இராஜகிரிய றோயல் பார்க் குடியிருப்பிலே இளம்பெண் ஒருத்தியைக் கொன்றதற்காக மரண தண்டனை பெற்றிருந்த ஜூட் ஜயமஹ என்னும் செல்வந்தர் வீட்டு இளைஞர் மன்னிப்புப் பெற்று வெளியேறினார்.

அடுத்த ஆண்டு மார்ச் 26ஆம் நாள், நாடு பெருந்தொற்றினால் முடங்கிக் கிடந்த வேளையில், ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ இராணுவத்தினரான சுனில் ரத்நாயக்கவை விடுவித்தார். 2000 டிசம்பரில் மிருசுவிலில் குழந்தைகள் உட்படத் தமிழர் எண்மர் கொல்லப்பட்ட வழக்கில் 2015இல் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. 2019இல் உயர் நீதிமன்றமும் அதனை உறுதிப்படுத்தியிருந்தது. 2021 ஜூன் 24, பொசன் தினத்தன்று மீண்டும் ஒரு பட்டியல். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்த் தண்டிக்கப்பட்ட தமிழர் 16 பேர் அன்று வெளியே வந்தனர். மகிழ்ந்தோம். அவர்களோடு, கொலைக் குற்றத்துக்காக 2016இல் மரண தண்டனை பெற்றிருந்த முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவும் வந்தார்!

துமிந்த சில்வாவின் மன்னிப்பை 2024 ஜனவரியிலும், ஜயமஹவின் மன்னிப்பை அதே ஆண்டு ஜூனிலும் உயர் நீதிமன்றம் செல்லாதென்று தீர்த்தது. மரண தண்டனைக் கைதியை மன்னிக்குமுன் வழக்கை விசாரித்த நீதிபதியின் அறிக்கை, சட்டமா அதிபரின் ஆலோசனை, நீதி அமைச்சரின் பரிந்துரை ஆகியவற்றைப் பெறவேண்டும் என்று அரசியலமைப்பே கூறுகிறது. மன்னிக்கும் அதிகாரம் தான்தோன்றித்தனமானதன்று, நீதிமன்றம் அதனை ஆராயலாம் என்பது இத்தீர்ப்புகளால் உறுதியாயிற்று. பெரும் பேறுதான். எனினும் இத்தீர்ப்புகள் தகாதவனுக்குத் திறந்த கதவை மூடினவேயன்றித் தக்கவனுக்கு ஒரு கதவைத் திறக்கவில்லை. 2025 வெசாக்கில் நடந்ததோ இதனினும் விந்தை. ஜனாதிபதியின் பட்டியலில் பெயரே இல்லாத ஒருவர், நிதி மோசடிக்காகத் தண்டிக்கப்பட்டவர், அநுராதபுரச் சிறையிலிருந்து பொதுமன்னிப்பின் பெயரால் வெளியேறினார். சிறைச்சாலைகள் ஆணையாளர் நாயகமே கைதாகும் அளவுக்கு விவகாரம் முற்றியது. அரசனின் கருணை அவன் அறியாமலே விநியோகமாகியிருக்கிறது!

கொல்லப்பட்டவரின் குடும்பத்தார் ‘எங்கள் துயருக்கு யார் தவணை தருவார்’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அம்மாளின் மகனால் உயிரிழந்தவருக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள். அவளும் அதே தோட்டத்தின் மலையிலே கொழுந்து பறித்திருப்பாள். அவளைக் கேளாமல் எவரையும் விடுவிப்பது அநீதி. ஆனால் இன்றைய முறையிலே அவளை யார் கேட்கிறார்கள்? 2022 அக்டோபரில் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க தமிழ்க் கைதிகள் எண்மரை விடுவித்தார். சந்திரிகா குமாரதுங்கவைக் கொல்ல முயன்ற வழக்கில் தண்டிக்கப்பட்ட சிலரும் அவர்களுள் இருந்தனர். அவர்களை விடுவிக்குமுன் சந்திரிகா அம்மையாரின் இணக்கம் பெறப்பட்டது. அவரும் பெருந்தன்மையோடு இசைந்தார். போற்றத்தக்க செயல். மிருசுவிலின் எட்டுப் பேருடைய வீடுகளுக்குச் சென்று அவ்வாறு கேட்டவர் உண்டோ?

கடலுக்கு அப்பாலும் இதே கதைதான், வேறு வேடத்தில். தமிழகத்திலே 2008ஆம் ஆண்டு அண்ணா நூற்றாண்டை முன்னிட்டு ஆயுட்கைதிகள் 1,405 பேர் ஒரே வேளையில் விடுதலையாயினர். மன்னன் பிறந்தநாள் மரபு தலைவர் பிறந்தநாளாக உருமாறியிருந்தது. ஆனால் ராஜீவ் காந்தி கொலை வழக்கின் எழுவருக்கு அந்த நாள் விடியவில்லை. பேரறிவாளன் 1991இல் கைதானபோது அவருக்கு வயது 19. கருணை மனு 11 ஆண்டுகள் விடையின்றிக் கிடந்த காரணத்தால் 2014இல் மரண தண்டனை ஆயுள் தண்டனையாயிற்று. முதன்முறையாகச் சிறைவிடுப்பில் வீட்டுவாசலை மிதித்தது 2017இல். 2018 செப்டம்பரில் அமைச்சரவை விடுதலைக்குப் பரிந்துரைத்தது. ஆளுநர் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக முடிவெடுக்கவில்லை. ஈற்றில் 2022 மே 18ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றமே தன் சிறப்பதிகாரத்தால் அவரை விடுவித்தது. ஏனைய அறுவர் அவ்வாண்டு நவம்பரில் வந்தனர்.

அவ்வறுவருள் நால்வர் நம் நாட்டவர். சிறையிலிருந்து ‘விடுதலை’ பெற்ற அவர்கள் திருச்சி சிறப்பு முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். சாந்தன் தாயைப் பார்க்க விரும்பினார். யாழ்ப்பாணத்திலே முதிய தாய் காத்திருந்தார். பயண அனுமதி வந்து சேர்ந்தபோது ஈரல் நோய் முற்றிவிட்டது. 2024 பெப்ரவரி 28ஆம் நாள் சென்னை அரசு மருத்துவமனையிலே அவர் உயிர் பிரிந்தது; தாயிடம் வந்தது உடல். எஞ்சிய மூவர் அவ்வாண்டு ஏப்ரலில் நாடு திரும்பினர். நான் இருக்கும்போதா, போன பிறகா என்று இறம்பொடை அம்மாள் கேட்டதைச் சாந்தனின் தாயும் எத்தனை முறை கேட்டிருப்பாரோ! போவது தாயாகத்தான் இருக்கும் என்று இருவருமே எண்ணியிருப்பர்.

நெடுங்காலச் சிறைவாசிகளை வெளியே விட்டால் மறுபடியும் கொலை செய்வார்கள் என்ற அச்சம் பரவலானது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், நடுவர்களுக்குத் தவறான அறிவுறுத்தல் வழங்கப்பட்டிருந்தது என்ற காரணத்தால், 2012ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றின் பின் ஏறத்தாழ 200 முதிய கைதிகள் வெளியே வந்தனர். பெரும்பாலும் ஆயுள் தண்டனை பெற்றவர்கள். நன்னடத்தை பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களல்லர்; சட்டப் பிழையால் வந்தவர்கள். அவர்களுள் மீண்டும் குற்றமிழைத்துச் சிறைக்குத் திரும்பியோர் நூற்றுக்கு ஐவரினும் குறைவு. இருபது வயதில் அரிவாள் தூக்கிய கை அறுபது வயதில் ஊன்றுகோலைத்தான் தேடுகிறது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2013இல், ஆயுட்கைதிக்கும் தன் தண்டனை மீளாய்வு செய்யப்படும் என்ற நம்பிக்கை இருந்தாக வேண்டும், அந்த நம்பிக்கையை அடியோடு பறிப்பது மனிதத்தன்மையற்ற தண்டனை என்று தீர்ப்பளித்தது. மீளாய்வு என்றால் விடுதலை அன்று. ‘இல்லை’ என்றும் சொல்லலாம். ஆனால் காரணம் சொல்லி, அடுத்த முறை எப்போது என்றும் சொல்லவேண்டும்.

மலையகத்தவர்களாகிய நமக்குக் கருணைக்கும் உரிமைக்கும் உள்ள தூரத்தைப் புத்தகம் பார்த்துக் கற்கவேண்டியதில்லை. 1865ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்பந்தத்தை மீறித் தோட்டத்தைவிட்டு ஓடிய தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பிற்று. ஓடாமல் முறையாக வெளியேற விரும்பியவனுக்கோ துண்டு வேண்டும். இவன் கடன் இவ்வளவு, அதனைத் தீர்ப்பவரிடம் இவனை விடுவேன் என்று துரை எழுதித்தரும் சீட்டு அது. துரை மனம் வைத்தால் துண்டு, இல்லையேல் அதே லயம். நல்ல துரைமாரும் இருந்தார்கள். பாட்டிமார் இன்றும் அவர்களைப் புகழ்வதுண்டு. 1921இல் துண்டு ஒழிந்தது. நல்ல துரைமார் பெருகியதால் அது ஒழியவில்லை, சட்டம் மாறியதால் ஒழிந்தது. மணிமேகலையும் சோழனிடம் இன்னாரை விடுவி என்று கேட்கவில்லை. சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக்கும்படி கேட்டாள். நம் புலவர்கள் அவளைப் பசிப்பிணி தீர்த்தவளாகக் கொண்டாடும் அளவுக்கு இதற்காகக் கொண்டாடுவதில்லை என்பது என் மனக்குறை.

எனவே நாம் கேட்பது பெரிதொன்றுமன்று. ஆயுட்கைதி ஒவ்வொருவருக்கும் சட்டம் குறித்த ஆண்டிலே, பௌர்ணமிக்கும் பண்டிகைக்கும் காத்திராமல், ஒரு சுயாதீன சபையின் முன் அமரும் உரிமை. கொல்லப்பட்டவரின் குடும்பம் எளியதாயினும் அதனையும் அழைத்துக் கேட்கும் கடமை. மறுத்தால் எழுத்திற் காரணம். 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம் பொலிஸ் உயரதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தையே சான்றாக ஏற்கிறது. தமக்குத் தெரியாத சிங்கள மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் கையொப்பமிட்டு ஆண்டுக்கணக்கில் உள்ளே இருந்த தமிழர் பலர். ஆகவே அச்சபை அமையுமாயின் அதன் மேசையிலே தமிழ் அறிந்த ஒருவர் இருக்கவேண்டும். கைதியைப் பற்றிய அறிக்கை அவனுக்கு விளங்கும் மொழியில் அவன் கையில் முன்கூட்டியே கொடுக்கப்படவேண்டும். அடுத்த தவணை எந்த ஆண்டு, எந்த மாதம் என்பதைத் தமிழில் எழுதி, அவன் வீட்டு முகவரிக்கும் ஒரு பிரதி அனுப்பவேண்டும். லயத்து முகவரியாயின் தோட்டத்தின் பெயரோடு பிரிவின் பெயரையும் லய இலக்கத்தையும் சேர்த்து எழுதவேண்டும். இல்லாவிடில் கடிதம் தோட்டக் கந்தோரோடு நின்றுவிடும்.