முதலில் அடித்த வரி

சிக்கனம் என்ற சொல்லை நாம் எல்லோரும் அறிவோம். பள்ளிப் பருவத்தில் அதைப் பற்றிக் கட்டுரை எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். ஆனால் அது ஒருநாள் நம் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது, எங்கே உட்காரச் சொல்வது என்று அறியாமல் திகைக்கிறோம். பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் இல்லத்தில் 2023ஆம் ஆண்டு மே மாதம் அப்படித்தான் திகைத்தோம்.

மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. ஒரு வாரத்திற்குள் 38,000 ரூபாய் கட்ட வேண்டும். நாங்கள் இருவரும் வேலைக்குச் செல்கிறோம். மாதம் 52,000 ரூபாய் வீட்டுக்கு வருகிறது. வங்கிக் கணக்கில் இருந்ததோ 4,100 ரூபாய். எங்களில் ஒருவரின் கழுத்திலிருந்த சங்கிலி கூட்டுறவு வங்கிக்குப் போயிற்று. கட்டணம் கட்டியாகிவிட்டது. ஆனால் அன்றிரவு உறக்கம் வரவில்லை. இத்தனை ஆண்டுகள் ஈட்டியதெல்லாம் எங்கே போயிற்று?

மறுநாள் இரவு நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துவைத்து, மாதச் செலவுகளை வரி வரியாக எழுதினோம். இருசக்கர வண்டி, குளிர்பதனப் பெட்டி, சோபா, கைபேசி ஆகிய நான்கிற்கும் தவணை மட்டும் 10,000 ரூபாய். இவற்றுள் இரண்டு, ‘வட்டியில்லாத் தவணை’ என்று சொல்லித் தரப்பட்டவை. வட்டியே இல்லாத தவணை என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கி 2013ஆம் ஆண்டு செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கையாக அனுப்பியிருந்தது. செயல்முறைக் கட்டணம் என்றோ, ரொக்கமாக வாங்குவோருக்குக் கிடைக்கும் தள்ளுபடியை நாம் இழப்பது என்றோ ஏதோ ஒரு வடிவில் அந்த வட்டி ஒளிந்திருக்கிறது. நாங்கள் அதைத் தேடிப் பார்க்கவில்லை, பார்க்க விரும்பவுமில்லை.

சிறு செலவுகள் வேறு. 2016இல் யு.பி.ஐ. வந்த பிறகு, தேநீர்க் கடையிலும் கைபேசியை நீட்டப் பழகிவிட்டோம். நூறு ரூபாய்த் தாளை மாற்றும்போது கைக்கு ஒரு சிறு தயக்கம் உண்டாகும். அந்தத் தயக்கம்தான் முன்பு நமக்குக் காவலாக இருந்தது. அந்த ஒரு மாதத்தில் தின்பண்டத்திற்கும், வீட்டுக்கே வரவழைத்த உணவுக்கும் சென்றது 4,700 ரூபாய். எதையும் பெரிதாக உண்டதாக நினைவில்லை.

எழுதி முடித்ததும் எதைக் குறைப்பது என்று பேசினோம். பேனா முதலில் ஒரு வரியை அடித்தது: வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் கூலி, 1,500 ரூபாய். அடுத்து, மாலையில் வாசலில் பூக் கொடுத்துச் செல்லும் பாட்டியின் கணக்கு. இவற்றை அடித்தபோது எங்களுக்கு ஒரு நிம்மதி கூட ஏற்பட்டது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மறுநாளே அக்காவிடம் சொல்லிவிட்டோம். அவர் எதிர்வார்த்தை பேசவில்லை. “வேற வீடு எதுவும் இருந்தாச் சொல்லுங்க” என்று மட்டும் கேட்டுவிட்டுத் துடைப்பத்தை மூலையில் சாத்திவைத்துப் போனார்.

பத்து நாட்கள் கழிந்தன. எங்களோடு இருக்கும் அம்மா, ஓர் இரவு சோறு பரிமாறும்போது கேட்டார்கள்: “ஏன்யா, அவ அடுப்ப அணைச்சாத்தானா நம்ம வீட்டுக் கடன் தீரும்?”

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. நோட்டை மீண்டும் எடுத்தோம். அப்போதுதான், முதல்நாள் எழுதாமல் நழுவவிட்ட ஒரு வரி கண்ணில் பட்டது. கடன் அட்டையில் 48,000 ரூபாய் நிலுவை. மாத வட்டி மூன்றரை விழுக்காடு. அதாவது 1,680 ரூபாய். அந்த வட்டியின்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் சேர்ந்தால் 1,982 ரூபாய். நாங்களோ மாதந்தோறும் ‘குறைந்தபட்சத் தொகை’ என்று ஏறத்தாழ 2,400 ரூபாயைக் கட்டிவிட்டு, கடன் அடைகிறது என்று நம்பியிருந்தோம். அதில் அசலுக்குப் போனது நானூறு ரூபாய் சொச்சமே. ஒரு பெண் மாதம் முழுவதும் குனிந்து நிமிர்ந்து பெறும் கூலியைவிட அதிகமான தொகையை, ஒன்றும் பெறாமலே வட்டியாகக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அடித்ததோ அவருடைய வரியை.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குச் சென்று, திரும்ப வருமாறு வேண்டிக்கொண்டோம். வந்தார். அந்தப் பத்து நாட்களை அவர் எப்படிக் கடந்தார் என்று கேட்க எங்களுக்குத் துணிவில்லை.

அதன்பிறகு கணக்கை வேறு விதமாகப் பார்த்தோம். ஜூன் முதல் கடன் அட்டையைப் பெட்டியில் பூட்டிவைத்து, மாதம் 6,000 ரூபாய் வீதம் கட்டினோம். உணவை வரவழைப்பது நின்றது. விடுமுறைப் பயணம் நின்றது. கைபேசியை மாற்றும் எண்ணமும் நின்றது. 500 ரூபாய்க்கு மேற்பட்ட எதை வாங்க விரும்பினாலும் நோட்டில் தேதியிட்டு எழுதி, முப்பது நாள் காத்திருப்பது என்று முடிவு செய்தோம். அந்த ஆண்டு எழுதியவை பதினொன்று, வாங்கியவை இரண்டு. மற்ற ஒன்பதும் ஏன் வேண்டும் என்று தோன்றியது என்பதே பின்னர் விளங்கவில்லை. 2024 மார்ச்சில் அட்டைக் கடன் தீர்ந்தது. சங்கிலி அதன்பின் ஐந்து மாதங்கள் கழித்துத்தான் வீடு திரும்பியது.

அம்மாவுக்கு இவையெல்லாம் புதுமையாகத் தோன்றவில்லை. அவர்கள் காலத்தில் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் இடுவார்கள். உண்டு மிஞ்சியதைச் சேமிப்பதில்லை; சேமித்து மிஞ்சியதை உண்பார்கள். இப்போது சம்பளம் வந்த அன்றே அஞ்சலகத் தொடர் வைப்பில் 1,500 ரூபாய் போடுகிறோம். மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடங்கக்கூடிய ஐந்தாண்டுக் கணக்கு அது. தொகையை 1,500 என்று வைத்தது தற்செயலன்று.

வருவாய் சிறிதானாலும் செலவின் வழி அகலாதிருந்தால் கேடில்லை என்று பொருள்படும் குறளை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். வள்ளுவர் அதை ‘வலியறிதல்’ அதிகாரத்தில் வைத்திருக்கிறார். தன் வலிமையின் அளவை அறிவதுதான் அங்கே பேச்சு. நாங்களோ எங்கள் ஆசையின் முன் வலிமையற்றவர்களாகவும், எதிர்த்துப் பேச இயலாத ஒருவர் முன் வலியவர்களாகவும் இருந்தோம்.

செலவைக் குறைக்க முனையும் அன்பர்களே, நோட்டை எடுங்கள், எல்லாவற்றையும் எழுதுங்கள். பேனா முதலில் எந்த வரியை நோக்கிப் போகிறது என்பதைச் சற்றுக் கவனியுங்கள். அந்த வரியில் இருப்பது நம் ஆசையா, பிறர் அடுப்பா என்று பார்த்தபின் அடியுங்கள். எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில், அடித்த வரியின் மேலேயே அந்த 1,500 மீண்டும் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தை நாங்கள் கிழித்தெறியவில்லை.