மருந்து கலக்கும் இடம்

மருந்து ஸ்டோருக்குள் போனால் நான் முதலில் பார்ப்பது அடித்தட்டைத்தான். தண்ணி மருந்து கீழே, தூள் மருந்து மேலே இருக்க வேண்டும். மாற்றி அடுக்கினால், மூடி கசிந்த ஒரே ஒரு கேன் போதும், கீழே உள்ள தூள் பைகள் எல்லாம் நனைந்துவிடும். மலேசிய மலைப்பகுதியில், திரிங்காப் பக்கம் நான் போயிருந்த தேயிலைத் தோட்டத்தில் அடுக்கு சரியாக இருந்தது. கேன் உடைந்தாலும் மருந்து வெளியே ஓடாதபடி வாசற்படியை நாலு விரல் உயர்த்திக் கட்டியிருந்தார்கள். சாவி, வேலையை மேற்பார்க்கும் தண்டலின் இடுப்பில் தொங்கியது.

பிரிஞ்சாங்கில் இருந்து கியா பார்ம் தாண்டி வரும்போது சாலையின் இரு பக்கமும் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைதான் கண்ணில் படும். தேயிலை அதற்கு அப்பால், சரிவுகளில். மருந்து இரண்டு இடத்திலும் உண்டு. தேயிலையில் அதிகம் அடிப்பது களைக்கொல்லி. செடி அடர்ந்து தலை கூடிவிட்டால் வெயில் தரையில் விழாது, களையும் குறையும். கவ்வாத்து வெட்டிய மலையில்தான் புல் தலைதூக்கும். வெட்டிய கிளைகளை அங்கேயே பரப்பி மூடினால் பாதிப் புல் முளைக்காது என்றார் தண்டல். மிச்சத்துக்குத்தான் பம்பு.

மலேசியாவில் பூச்சிக்கொல்லிச் சட்டம் 1974இல் வந்தது. மருந்தின் கடுமையைக் கேனில் உள்ள நிறப்பட்டை சொல்லும்: கறுப்பு, சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை. கறுப்பு மிகக் கொடியது. நான் கையில் எடுத்த கேனில் எச்சரிக்கையைத் தமிழிலும் அச்சிட்டிருந்தார்கள். ஒரு காலத்தில் இந்தச் சரிவுகளில் பம்பு தூக்கியவர்களுக்கு அது வேண்டியிருந்தது. அன்று வெளியே பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்த இளைஞர்கள் வங்காளதேசத்துக்காரர்கள், ஒருவர் நேப்பாளி. அந்தக் கேனில் இருந்த நாலு மொழியில் ஒன்றையும் அவர்கள் சரளமாக வாசிக்க மாட்டார்கள். அதனால் தண்டல் நிறத்தைக் காட்டித்தான் பாடம் நடத்துகிறார்.

வேலையில் மோசமான இடம் தோட்டமல்ல, கலக்கும் மேடை. தெளிக்கும்போது மருந்து தண்ணீரில் கரைந்து நீர்த்துப் போயிருக்கும். இங்கே முழு வீரியத்தோடு இருக்கும். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, பாதித் தண்ணீர் ஊற்றி, அளந்து மருந்தை விட்டு, மறுபடி தண்ணீர். கிளறக் குச்சி. முகத்துக்குக் கண்ணாடித் திரை, இடுப்பில் ரப்பர் ஏப்ரன், முழங்கை வரை ரப்பர் கையுறை. துணிக் கையுறை போடுவதைவிட வெறுங்கை தேவலை. துணி மருந்தைக் குடித்துத் தோலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். வெறுங்கையையாவது உடனே கழுவலாம்.

பதினாறு லிட்டர் பம்பு முதுகில் ஏறியதும் தொல்லை வேறு பக்கம் போகிறது. மூடியின் வாஷர் தேய்ந்திருந்தால், குனியும்போதெல்லாம் ஒரு சொட்டு முதுகுவழி இறங்கும். மருந்து மூச்சில் ஏறும் என்று எல்லோரும் முகமூடி தேடுகிறார்கள். ஆனால் தெளிப்பவர் உடம்பில் பெரும்பாலும் அது நுழைவது தோல் வழியாகத்தான். நாசில் அடைத்தால் வாயில் வைத்து ஊதுவது இன்னொரு பழக்கம். அதைத் தடுக்க ஒவ்வொரு பம்பிலும் ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார் தண்டல். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இருக்காத ஏற்பாடு, எனக்கு அதுதான் மிகப் பிடித்தது.

பிள்ளைகளை விடும் ஆயாக் கொட்டகைத் திண்ணையில் இருந்த அக்கா, பணி ஓய்வு பெற்றவர். பாராக்குவாட் என்ற களைக்கொல்லி புழங்கிய காலத்தில் மருந்தடித்தவர். "நகம் கறுத்து, அப்படியே கழண்டுரும் தம்பி. மூக்குல ரத்தம் வரும். மறுநாளும் காலையில ஆள் எடுக்கிற பெரட்டுக்குப் போவோம்" என்றார். அந்த மருந்துக்கு மாற்றுமருந்து கிடையாது. ஒரு வாய் உள்ளே போனாலும் நுரையீரல் இறுகிச் சாவு வரும். தோட்டங்களில் அதை அடித்தவர்களில் பெரும்பகுதி பெண்கள். ஐரீன் பெர்னாண்டஸின் தெனகானித்தா அமைப்பும், பினாங்கில் இருந்து இயங்கும் ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்பும் சேர்ந்து இப்படிப்பட்ட தோட்டப் பெண்களின் நோய்களைத் தொகுத்து 2002இல் வெளியிட்டன. அதே ஆண்டு அரசு தடையை அறிவித்தது. 2006இல் அதைத் தளர்த்தியது. முழுத் தடை 2020 ஜனவரி 1இல்தான் வந்தது. நடுவில் போன ஆண்டுகளில் எத்தனை நகம் கழன்றதோ.

கையுறை, முகமூடி என்று பேசுவோர் இந்தக் கதையைக் கொஞ்சம் கவனிக்கலாம். 1994இன் வேலையிடப் பாதுகாப்புச் சட்டமும், அதன் கீழ் 2000இல் வந்த ரசாயன விதிகளும் முதலாளியிடம் கேட்பது இதுதான்: என்ன ரசாயனம், யாருக்கு என்ன ஆபத்து என்று முன்கூட்டியே மதிப்பிடு, அந்தப் பொருளையே விலக்க முடியுமா, வேறொன்றுக்கு மாற முடியுமா என்று பார். கவசம் கடைசியில் வருவது. நடைமுறையில் கவசத்தையே முதலில் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கையெழுத்தும் வாங்கிக்கொள்கிறார்கள். தவறு நடந்தால் பழி, கவசம் போட்டுக்கொள்ளாத தொழிலாளி மேல் விழும். பாராக்குவாட் போன இடத்தில் கிளைபோசேட்டும் குளுபோசினேட்டும் வந்து உட்கார்ந்தன. இவை அந்த அளவுக்கு உடனே கொல்பவை அல்ல. ஆனால் கிளைபோசேட் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் வகைப்படுத்தியது. அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

மலையில் ஒரு வசதி உண்டு. கீழே செம்பனைத் தோட்டத்தில் முழுக்கவசம் போட்டால் அரை மணியில் மயக்கம் வரும். இங்கே குளிருக்கு இதமாக இருக்கிறது. அதே குளிர் வேறிடத்தில் கழுத்தைப் பிடிக்கிறது. மருந்தடித்தவர் வீட்டுக்குப் போகும் முன் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும், உடுப்பை அங்கேயே துவைக்கப் போட வேண்டும். மலைத் தண்ணீர் ஐஸ் மாதிரி. யார் குளிப்பார்கள்? முகத்தைக் கழுவிவிட்டு, மருந்து ஊறிய சட்டையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்குவார்கள். தண்டல் பலமுறை கத்திப் பார்த்தும் நடக்கவில்லை. பிறகு குளியலறையில் ஹீட்டர் வைத்தார்கள். மறுநாளே வரிசை நின்றதாம்.

இப்போது அந்த வரிசைதான் பிரச்சினை. ஒரே அறை, லாரி இரண்டு மணிக்குக் கிளம்பிவிடும், கடைசியில் நிற்பவர் குளிக்காமல் ஏறுகிறார். "இன்னொரு ரூம் கேட்டு எழுதிக் குடுத்திருக்கேன் சார். ஆபீஸ் கிராணி வாங்கி வெச்சிக்கிட்டாரு" என்றார் தண்டல். லாரியை அரை மணி தள்ளி எடுக்க முடியாதா என்று கேட்டேன். அதற்கு ஓவர்டைம் போட வேண்டும், அது அவர் கையில் இல்லை.