காசடித்த மனையில் காசெண்ணும் பொறி

ஐக்கிய அமெரிக்காவின் நெவாடா மாநிலத்துக்குச் செல்வோர் பெரும்பாலும் லாஸ் வேகஸ் நகரின் ஒளிவெள்ளத்தைக் கண்டு மீள்வர். தலைநகராகிய கார்சன் சிற்றியை நாடுவோர் சிலரே. அங்கே மணற்கல்லாற் கட்டிய பழைய நாணயசாலை ஒன்றுண்டு. 1870 தொடக்கம் 1893 வரை, இடையில் சில ஆண்டுகள் ஓய்ந்திருந்து, வெள்ளியும் பொன்னும் அங்கு நாணயமாயின. இன்று அது மாநில அரும்பொருட்சாலை. காசடித்த அம்மனைக்கு வேறொரு வகைப் பொறிகளும் பிற்காலத்தில் வந்து சேர்ந்தன. காசை விழுங்கி, எப்போதோ ஒருமுறை கக்கும் சூதாட்டப் பொறிகள்.

பவேரியாவிற் பிறந்து சான் பிரான்சிஸ்கோவிற் குடியேறிய சாள்ஸ் ஃபே என்னும் கம்மியர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்த ‘லிபேர்ட்டி பெல்’ இவ்வினத்தின் மூதாதை. மூன்று சில்லுகளிலும் மணிச்சின்னம் ஒருங்கே நின்றால் ஐம்பது சதம் பரிசு. அஃது முழுவதும் வில்லும் நெம்புமாகிய வேலை. மின்சாரம் இப்பொறியை ஆட்கொண்டது 1963இல், பாலி நிறுவனத்தின் ‘மணி ஹனி’ வெளிவந்தபோது. ஏவலாள் உதவியின்றி 500 நாணயம் வரை அது தானே எண்ணிக் கொடுத்தது.

எண்ணுவது எங்ஙனம்? பொறியின் அடியிலுள்ள கிண்ணத்தில் நாணயங்கள் குவிந்து கிடக்கும். மோட்டர் சுழற்றும் தட்டொன்று அவற்றை ஒவ்வொன்றாக ஏற்றி வாயிலூடாகத் தள்ளும். வெளியேறும் நாணயம் ஒரு சிறு நெம்பைத் தட்ட, ஆளியின் இரு மெல்லிய தகடுகள் கணப்பொழுது ஒன்றுகூடும். எண்ணுஞ் சில்லு ஒரு பல் முன்னேறும். பரிசு 14 காசாயின், 14ஆவது பல்லில் மின்சுற்று அறுந்து மோட்டர் நிற்கும்.

அத்தகடுகளின் இடைவெளியைச் சீர்செய்வதே நுண்பணி. வெளி மிகுந்தால் நாணயம் தட்டியும் தகடுகள் கூடா. எண்ணப்படாத காசொன்று மிகையாக விழும். வெளி குறைந்தாலோ தகடு அதிர்ந்து ஒரே நாணயத்தை இருமுறை எண்ணும். வென்றவனுக்கு ஒரு காசு குறையும். மோட்டரின் தடை தளர்ந்திருப்பினும், சுற்று அறுந்தபின் தட்டு சற்றே ஓடி மேலுமொரு காசைத் தள்ளிவிடும். மிகையாகப் போனதை மண்டபத்தார் கணக்கெடுக்கையில் அறிவர். குறைந்ததை யார் எண்ணிப் பார்த்தார்? மகிழ்ச்சியில் அள்ளிச் செல்பவர் எண்ணுவதில்லை. தகடுகளைத் துடைத்து, பொறியைப் பன்முறை ஓடவிட்டு, விழுந்த காசைக் கையால் எண்ணி ஒப்புநோக்கும் வினைஞரின் நேர்மையே வென்றவனுக்குக் காப்பாயிருந்தது.

எத்தனை ஆட்டத்துக்கு ஒரு வெற்றி என்பது வேறு கணக்கு. சில்லொன்றுக்கு 20 நிலைகள் எனின் மூன்று சில்லுகளுக்கு 8,000 சேர்க்கைகள். ‘ஏழு’ என்னுஞ் சின்னம் ஒவ்வொரு சில்லிலும் ஒன்றேயாயின், மூன்று ஏழும் கூடுவது 8,000இல் ஒருமுறை. ஒரு சில்லில் மட்டும் இன்னோர் ஏழை ஒட்டி, அதற்கேற்ற மின்தொடுமுனையையும் அமைத்தால் இருமுறையாகும். ஆயினும் மண்டபத்தார் இதனை மனம்போல் இறுக்கிவிட முடியாது. பந்தயத் தொகையில் 75 வீதமேனும் கணித அளவில் ஆடுவோருக்குத் திரும்பவேண்டும் என்பது நெவாடாவின் ஒழுங்குவிதி. எஞ்சியது எவர் பைக்குச் செல்லும் என்பதை மாணவர்களும் அறிவர்.

இன்று லாஸ் வேகஸ் மண்டபங்களிற் பெரும்பாலும் காசு விழுவதில்லை. வென்ற தொகை அச்சிட்ட சீட்டாக வருகின்றது. காசு கொட்டும் ஓசையை ஒலிபெருக்கி எழுப்புகின்றது. கார்சன் சிற்றியின் பழைய அச்சுப்பொறியோ இன்னும் இடைக்கிடை நினைவுப் பதக்கங்களை அடித்துக்கொண்டிருக்கின்றது.