நிறையாத தொட்டி

"எங்க தொட்டி பன்னண்டு வருஷமா நெறஞ்சதே இல்ல" என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். மஞ்சக்குட்டையில் வீட்டை ஒட்டி மூன்று அறைகள் கட்டி, ஏற்காடு பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். கோடை விழா சமயத்தில் ஒரு அறையில் ஆறு பேர்கூடத் தங்குவார்கள். அத்தனை பேரின் தண்ணீரும் அந்த ஒரே செப்டிக் டேங்க்குக்குள்தான். அது நிறையாததைக் கொத்தனாரின் கைராசி என்றே நானும் நினைத்திருந்தேன்.

கீழ்வீட்டு அத்தைதான் முதலில் கேட்டார். சொந்த அத்தை இல்லை, அப்படிக் கூப்பிட்டே பழக்கம். காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கப் போகிறவர். அவர் வீட்டுக்குப் பின்னால் பாறையிடுக்கில் ஒரு ஊற்று.

"கண்ணு, நீ படிச்ச புள்ள. ஊத்துத் தண்ணி ஒரு மாதிரி வாட அடிக்குதே, எதனால?"

"மழை பேஞ்சதால இருக்கும் அத்தை."

சிவில் படித்தவன் சொன்ன பதில் இது. காப்பிப் பழம் பல்ப் போட்ட தண்ணீரும் ஓடையைப் புளிக்கவைக்கும், அதன் மேல் பழியைப் போடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் பல்ப் போடுவது டிசம்பர், ஜனவரியில். அத்தை கேட்டது ஜூனில்.

இரவு அப்பாவிடம் கேட்டேன். "தொட்டிக்கு அடியில கான்கிரீட் போட்டீங்களா?"

"எதுக்கு? போட்டா நெறஞ்சிருமில்ல?"

செப்டிக் டேங்க் நிறையத்தான் வேண்டும். கெட்டியானது அடியில் தங்கும், காற்றில்லாமல் வாழும் பாக்டீரியா அதில் கொஞ்சத்தைத் தின்னும், மிச்சக் கசடை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை உறிஞ்சி எடுக்க வேண்டும். மேலே தெளிந்து வழிகிற தண்ணீரும் சுத்தமானதல்ல. சமவெளியில் ஆழமான மண் அதை ஓரளவு வடிகட்டிவிடும். சேர்வராயன் மலை சார்னோகைட் பாறை. மண் மெல்லிசாக உள்ள இடத்தில் தண்ணீர் நேராக விரிசலுக்குள் இறங்கி, அடுத்த வீட்டு ஊற்றில் எழுந்துவிடும்.

2014-ல் தமிழக அரசு செப்டிக் டேங்க் கழிவுக்கென்று வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது. பிறகு கருங்குழிப் பேரூராட்சியில் மாநிலத்தின் முதல் கசடுச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. மேட்டிலும் பள்ளத்திலும் சிதறிக்கிடக்கும் எங்கள் வீடுகளுக்குப் பாதாளச் சாக்கடை ஒத்துவராது. லாரியும் நிலையமும்தான் நடக்கிற காரியம். ஆனால் நிறையாத தொட்டிக்கு லாரியை யார் கூப்பிடுவார்கள்?

புதுச்சேரி பக்கம் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போயிருந்தேன். கண்ணுக்காக அல்ல. அங்கே கழிவுநீர் முதலில் ஒரு தொட்டியில் படிகிறது, தடுப்புச் சுவர்கள் வைத்த அறைகளுக்குள் மேலும் கீழுமாக ஏறியிறங்குகிறது, செடி நட்ட சரளைக்கல் படுகை வழியாக ஊர்ந்து, கடைசியில் வெயில் படும் குளத்துக்கு வருகிறது. அந்தத் தண்ணீர் தோட்டத்துக்குப் போகிறது. இந்த முறைக்கு வேண்டியது மின்சாரத்தைவிடச் சரிவுதான். சரிவுக்கா எங்களிடம் பஞ்சம்!

பஞ்சம் இடத்துக்கு. ஆளுக்கு ஒன்றிரண்டு சதுர மீட்டர் படுகை வேண்டும். மலைக் குளிரில் பாக்டீரியா மெதுவாகத்தான் வேலை செய்யும், கூட்டித்தான் வைக்க வேண்டும். எங்கள் கணக்குக்கு ஒரு சென்ட்டுக்கும் மேல். அந்த இடத்தில் காப்பி நிற்கிறது, சில்வர் ஓக்கில் மிளகு ஏறியிருக்கிறது.

"காப்பிச் செடிய வெட்டிப்போட்டுப் பீத்தண்ணிக்கு எடம் வுடச் சொல்றியா?" என்றார் அப்பா.

பழைய தொட்டியை உறிஞ்சி மூடிவிட்டு, அடி போட்ட புதுத் தொட்டி கட்டுவது வரை ஒப்புக்கொண்டார். இறங்கி அள்ள ஆள் இருப்பதாகச் சொன்னார். அதற்கு நான் மசியவில்லை. 2013 சட்டப்படி குற்றம் என்பது இருக்கட்டும், அதற்குள் விஷவாயு இருக்கும். சேலத்திலிருந்து லாரி 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தது. எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள் என்று டிரைவரிடம் கேட்டேன். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க?" என்று சிரித்தார். திருமணிமுத்தாறு பிறப்பது இந்த மலையில்தான் என்று ஏனோ ஞாபகம் வந்தது. மேலே கேட்கவில்லை.

அத்தையிடம் போய், வாடை எங்கள் தொட்டியால்தான் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"உங்கப்பா வேணும்னா பண்ணுனாரு?" என்றார். அப்புறம், "எத்தன நாளைக்குக் குடிக்கக் கூடாது?"

ரெண்டு மழை போகட்டும், தண்ணீரைச் சோதித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அப்பா காப்பிச் செடிகளைச் சுற்றிப் படுகைக்குக் கயிறு கட்டியிருக்கிறார், இன்னும் வெட்டவில்லை. அத்தை ஊராட்சிக் குழாயில் பிடித்த குடத்தோடு எங்கள் கேட்டைத் தாண்டித்தான் தினமும் இறங்குகிறார்.