கிழட்டு லாரியும் குமுளி மலையும்

தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாகக் குமுளி போகிற ரோட்டில் ஒரு மணி நேரம் நின்றால் போதும். இந்திய லாரிகளின் சரித்திரமே வரிசை கட்டி வந்துவிடும்! ஏ.சி. கேபினோடு பளபளவென்று ஒரு புது வண்டி போகும். அதன் பின்னாலேயே இருபது வருடத்துப் பழைய டாடாவோ லேலண்டோ, கரும்புகையைக் கக்கிக்கொண்டு, ஆனால் நிற்காமல், ஏறிப் போகும். வாழைத்தார், தேங்காய், காய்கறி, 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சை என்று பள்ளத்தாக்கில் விளைவது எல்லாம் ஏதோ ஒரு வண்டியில் ஏறித்தானே ஊர் தாண்ட வேண்டும்?

புது வண்டி இத்தனை வந்த பிறகும் இந்தப் பழசுகளை ஏன் கட்டி மாரடிக்கிறார்கள்? விடை கணக்குப் புத்தகத்திலும் இருக்கிறது, பட்டறையிலும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

ஒரு லாரிக்காரரை உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். 2006 மாடல், டி.என். 60 நம்பர், இரண்டு ஆக்சில் உள்ள ஆறு சக்கர வண்டி. ஓனரும் அவரே, டிரைவரும் அவரே. இஞ்சின் ஆயில் குடிக்கிறது, ஏற்றத்தில் இழுவை இல்லை. அவர் முன்னால் மூன்று வழி. வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் புதுசு வாங்கலாம். இஞ்சினைப் பிரித்து ஓவர்ஹாலிங் செய்யலாம். அல்லது இன்னும் கொஞ்சம் போட்டு வண்டியையே மேம்படுத்தலாம்.

முதலில் கணக்கு. வாடகைக்கு ஓடும் லாரிக்கு வருமான வரிக் கணக்கில் வருடத்துக்கு 30 சதவீதம் தேய்மானம், அதுவும் குறைந்துகொண்டே வரும் மதிப்பின் மேல். 10 லட்ச ரூபாய் வண்டி பத்து வருடம் கழித்துப் புத்தகத்தில் வெறும் 28 ஆயிரத்துச் சொச்சம்! இருபது வருடம் ஆனால் ஆயிரம் ரூபாய்கூடத் தேறாது. ஆனால் அதே வண்டி காலையில் எழுந்து பத்து டன் சுமந்து, மாலையில் சோறு போடுகிறது. புத்தகம் செத்துவிட்டது என்று சொல்வது ரோட்டில் உயிரோடு ஓடுகிறது.

மறுபக்கம் புது வண்டி. பாடி கட்டி ரோட்டில் இறக்க இருபது லட்சத்தைத் தாண்டும். 20 லட்சம் கடன், 12 சதவீத வட்டி, நான்கு வருடம் என்று போட்டுப் பாருங்கள். மாதத் தவணை சுமார் 52,700 ரூபாய். லோடு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், ஸ்ட்ரைக் வந்தாலும் மழையில் ரோடு சரிந்தாலும் கட்டியாக வேண்டும். பழைய வண்டிக்குத் தவணை இல்லை. அது படுத்தால் செலவு வைக்கும், நின்றால் வட்டி கேட்காது. ஒற்றை லாரிக்காரருக்கு இந்த நிம்மதி சாதாரண விஷயம் இல்லை. 1979ல் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ் (2022ல் இணைப்புக்குப் பிறகு ஸ்ரீராம் ஃபைனான்ஸ்) பழைய லாரிக்குக் கடன் கொடுத்தே பெரிதாக வளர்ந்தது என்றால், இந்தக் கணக்கைப் போட்டவர்கள் எத்தனை பேர் என்று புரியும்.

இனி பட்டறைக்குப் போகலாம்.

சென்னையில் 1948ல் அசோக் மோட்டார்ஸ் என்று ஆரம்பித்து 1955ல் பிரிட்டனின் லேலண்டோடு சேர்ந்து அசோக் லேலண்ட் ஆனது. டாடா 1954ல் ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸோடு கைகோத்து லாரி செய்ய ஆரம்பித்தது. பிறகு லேலண்டுக்கு ஜப்பானின் ஹினோ இஞ்சின் வந்தது. டாடாவுக்கு 1993ல் தொடங்கிய டாடா கம்மின்ஸ் கூட்டு நிறுவனத்தின் வழியாகக் கம்மின்ஸ் இஞ்சின் வந்தது. டீசல் பம்ப் என்றால் பெங்களூர் மைகோ. அதுதான் 2008ல் பாஷ் என்று பெயர் மாறியது. இந்த வண்டிகள் லட்சக்கணக்கில் ஓடியதால், சின்ன ஊர்ப் பட்டறைக்குக்கூட அவற்றின் வயிறு அத்துப்படி ஆகிவிட்டது.

அந்தக் கால இஞ்சினில் கம்ப்யூட்டர் கிடையாது. பம்ப் அழுத்துகிறது, நாசில் தெளிக்கிறது, பிஸ்டன் அழுத்திய சூட்டில் டீசல் பற்றிக்கொள்கிறது. அவ்வளவுதான். 2017 ஏப்ரலில் பி.எஸ். 4, 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 நாடு முழுக்க வந்த பிறகு கதையே வேறு. சென்சார், காமன் ரயில், புகையைச் சுத்தம் செய்ய யூரியாக் கரைசல்... கோளாறு என்றால் ஸ்பேனருக்கு முன்னால் ஸ்கேனர் வேண்டும். காற்றுக்கு அது நல்லதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் கூடலூர் தாண்டி ராத்திரி இரண்டு மணிக்கு நின்றுபோன வண்டியை டார்ச் வெளிச்சத்தில் கிளப்பும் வித்தைக்கு அதில் இடம் குறைவு.

பழைய வண்டிக்கு ஸ்கேனர் எது தெரியுமா? புகை! கருப்பாக வந்தால் டீசல் அதிகம் அல்லது காற்று போதவில்லை. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், நாசில் ஒழுகலாம். நீலம் கலந்து வந்தால் ஆயில் எரிகிறது. ரிங், லைனர், வால்வு கைடு என்று சந்தேகப்பட வேண்டும். சூடான பிறகும் வெள்ளையாக வந்தால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது ஹெட் கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறது. அனுபவசாலி மெக்கானிக் பானட்டைத் திறக்கும் முன்பே பாதி வியாதியைச் சொல்லிவிடுவது இப்படித்தான்.

நம் லாரிக்காரர் வண்டியில் நீலப் புகை. ஆக இஞ்சினை இறக்கியாக வேண்டும். லைனர், பிஸ்டன், ரிங் மாற்ற வேண்டும். கிராங்க் தேய்ந்திருந்தால் லேத்தில் கொடுத்து 0.25 மில்லிமீட்டர் சாணை பிடித்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போட வேண்டும். வால்வு உட்காரும் இடத்தைச் சரிசெய்து, பம்பையும் நாசிலையும் டெஸ்ட் பெஞ்சில் வைத்து அளவு பார்க்க வேண்டும். இதில் ஒன்றைச் சிக்கனம் பிடித்தால் மற்றது எல்லாம் வீண். புது ரிங் போட்டுவிட்டுப் பழைய ஒழுகும் நாசிலை மாட்டினால், அந்த டீசல் லைனரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும், ரிங் மறுபடி தேயும்.

இந்த இடத்தில்தான் ஆசை எட்டிப் பார்க்கும். "இறக்கினது இறக்கியாச்சு, ஒரு டர்போ போட்டுட்டா என்னண்ணே?"

மலைக்கு அது நியாயமான ஆசைதான். குமுளி கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையை விட ஏறக்குறைய 8 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத இஞ்சினுக்கு அந்த அளவு மூச்சு குறையும். டர்போ என்பது வீணாகப் போகும் புகையாலேயே ஒரு சக்கரத்தைச் சுற்றி, அந்தச் சுற்றில் காற்றை உள்ளே திணிப்பது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்று வரைகூடப் போகும்!

ஆனால் டர்போவுக்கென்று பிறந்த இஞ்சின் வேறு, டர்போ மாட்டிய இஞ்சின் வேறு. அதற்கேற்ற பிஸ்டன், பிஸ்டனுக்கு அடியில் ஆயில் தெளிப்பு, பெரிய ரேடியேட்டர், டர்போ பேரிங்குக்குத் தனி ஆயில் லைன் என்று பின்னாலேயே பட்டியல் வரும். அது எதுவும் இல்லாமல் டர்போவை மட்டும் மாட்டி, பம்பில் டீசலையும் ஏற்றிவிட்டால், முதல் மாதம் வண்டி பறக்கும். பிறகு ஹெட் கேஸ்கெட் போகும், பிஸ்டன் உருகும். சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988ன் 52வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அந்த மாடலுக்குக் கம்பெனியே டர்போ இஞ்சின் கொடுத்திருந்தாலும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்காமல் தொடக் கூடாது.

சரி, டர்போ இல்லை என்றால் மேம்படுத்த வேறு என்னதான் இருக்கிறது? பலர் பார்க்கத் தவறும் இடம் இதுதான். மலையில் லாரிக்கு ஏறுவதை விட இறங்குவதுதான் பெரிய வேலை.

சின்னக் கணக்கு ஒன்று. 16.2 டன் எடையுள்ள லாரி (2006 மாடல் இரண்டு ஆக்சில் வண்டிக்கு ஆர்.சி. அனுமதிக்கும் மொத்த எடை அதுதான்) மலையில் 400 மீட்டர் உயரம் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அப்போது வெளியேற வேண்டிய சக்தி சுமார் 63 மெகாஜூல். ஒன்றே முக்கால் லிட்டர் டீசலை எரித்தால் வரும் வெப்பம் அது. 200 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும்! மொத்தத்தையும் பிரேக்கே தாங்கினால் நான்கு டிரம்மும் அடுப்பாகிவிடும். டிரம் சூட்டில் விரியும், லைனிங் பிடிப்பை இழக்கும், மிதித்த மிதிக்குப் பலன் இருக்காது.

அதனால்தான் எந்த கியரில் ஏறுகிறாயோ அதே கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது. இஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். எக்சாஸ்ட் பிரேக் இருந்தால் புகைக்குழாயை ஒரு வால்வு மூடி, அந்தப் பிடியை இன்னும் கூட்டும். பல பழைய வண்டிகளில் அது இருக்கும், ஆனால் துருப்பிடித்து வேலை செய்யாமல் கிடக்கும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவது தற்கொலை மட்டும் இல்லை, கணக்குப்படியும் தப்பு. கியரில் இருந்து காலை எடுக்காமல் என்று குழப்பிக்கொள்ள வேண்டாம், ஆக்சிலேட்டரில் இருந்துதான் காலை எடுக்க வேண்டும். வண்டி கியரில் இறங்கும்போது கவர்னர் டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு டீசல் செலவாகும்.

ஆகவே அந்த லாரிக்காரர் காசு போட வேண்டிய வரிசை தலைகீழ். முதலில் டிரம், லைனிங், ஸ்லாக் அட்ஜஸ்டர். ஏர் டேங்கில் தண்ணீர் சேராமல் ஏர் டிரையர். கிடக்கும் எக்சாஸ்ட் பிரேக்குக்கு உயிர். பிறகு கமான் பட்டை, ஸ்டியரிங் ஜாயின்ட், நல்ல டயர், லைட். அதற்குப் பிறகே இஞ்சின். ஏற்றத்தில் வண்டி நின்றுபோனால் சக்கரத்துக்குக் கல்லைப் போட்டுவிட்டுப் பட்டறைக்கு போன் பண்ணலாம். இறக்கத்தில் நிற்காமல் போனால் யாருக்கு போன் பண்ணுவது? எதிரே வருவது ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பாக இருக்கலாம், சபரிமலை போகும் வேனாகவும் இருக்கலாம்.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. எட்டு வருடம் தாண்டிய லாரிக்கு வருடா வருடம் எஃப்.சி. காட்ட வேண்டும். பழைய வண்டிக்கான கட்டணம் 2022ல் நன்றாக உயர்ந்தது. 2025 நவம்பரில் மத்திய விதி மறுபடி திருத்தப்பட்டு, 20 வருடம் தாண்டிய கனரக வண்டிக்கு 25,000 ரூபாய் ஆனது. 2021ல் வந்த பழைய வாகன அழிப்புக் கொள்கையும் அதே திசையில்தான் தள்ளுகிறது. பழைய இஞ்சினின் புகையை சுவாசிப்பது ரோட்டோரத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும்தான் என்பதால், அரசாங்கத்தை மட்டும் குறை சொல்லவும் முடியாது.

அப்படியானால் எப்போது கைவிடுவது? இதுவரை எவ்வளவு போட்டோம் என்பது கேள்வியே இல்லை. அது போன காசு. இனி போடப்போகும் காசு எத்தனை மாத ஓட்டத்தில் திரும்பும், அந்த மாதங்களில் வண்டி ஒவ்வொரு முறையும் மலையில் பத்திரமாக இறங்குமா? இந்த இரண்டுக்கும் நேர்மையாக விடை சொல்ல முடிந்தால் ரிப்பேர் செய்யலாம். சேஸிஸில் விரிசல் விழுந்து, வெல்டிங் மேல் வெல்டிங் வைத்த வண்டிக்கு விடை ஏற்கெனவே தெரிந்ததுதான். இருபது வருடம் சோறு போட்டதை எடைக்குப் போட மனசு வராது. ஆனாலும் சில வண்டிகளுக்கு ஓய்வு கொடுப்பதும் மெக்கானிக் வேலையில் ஒரு பகுதிதான்.